வெளிநாடு கிளம்புறதுக்கு முந்தின வாரம், சொந்தக்காரங்க வீடெல்லாம் எப்படி போய் முடிக்கிறது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் நர்ஸ். சொந்த ஊரு பாளையங்கோட்டை. 2024 பிப்ரவரில ஜெர்மனிக்கு வேலைக்கு வந்தேன். என்கூட ஜெர்மன் கிளாஸ் படிச்ச பொண்ணுங்க இப்போ ஒவ்வொருத்தியா கிளம்புறாங்க, விசா கைக்கு வந்த அன்னைக்கே எனக்கு மெசேஜ் வந்துரும், "அக்கா ஒரு வாரம்தான் இருக்கு, எத்தனை வீட்டுக்குன்னு போறது"ன்னு. ஒவ்வொருத்திக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டு போட்டு தொண்டை போச்சு, அதான் கேட்டதெல்லாம் சேத்து ஒரே இடத்துல எழுதிட்டேன். ஜெர்மனிக்குன்னு இல்ல, துபாய், சிங்கப்பூர், எங்க போறவங்களுக்கும் பாதி பொருந்தும்.

ஏன் எல்லாம் கடைசி வாரத்துல வந்து குவியுது? முன்னாடியே போய் பாத்துட்டு வந்தா என்ன?

முடிஞ்சா கண்டிப்பா போங்க. ஆனா நடக்காது. பாஸ்போர்ட் விசாவுக்கு உள்ள போயிருச்சுன்னா அது திரும்பி வர்ற வரைக்கும் எதுவும் நிச்சயம் இல்ல, அதுக்கு முன்னாடி "ஊருக்கு போறேன்"னு சொல்லிட்டு வீடு வீடா போயிட்டு, விசா தள்ளிப்போச்சுன்னா அப்புறம் பாக்குறவங்கல்லாம் "என்ன இன்னும் போகலையா"ன்னு கேட்டே கொன்னுருவாங்க. எங்க அம்மா அதுக்காகவே யார்கிட்டயும் மூச்சு விடல. எனக்கு பாஸ்போர்ட் கைக்கு வந்தது செவ்வாய்க்கிழமை, பிப்ரவரி 6. வேலைல சேர வேண்டிய தேதி ஏற்கனவே முடிவாயிருச்சு, அதனால டிக்கெட் அடுத்த வாரம் வியாழக்கிழமை ராத்திரிக்கு. நடுவுல முழுசா எட்டு நாள். பெட்டி கட்டணும், ஜெராக்ஸ் எடுக்கணும், ஸ்வெட்டர் வாங்கணும், ஆறு ஊர்ல சொந்தம்.

இன்னொண்ணு சொல்லிடுறேன், நள்ளிரவு தாண்டி கிளம்புற பிளைட்டா இருந்தா தேதியை எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி சொல்லுங்க. என் டிக்கெட்ல 16ஆம் தேதி 1.50ன்னு போட்டிருந்துச்சு, அதுக்கு 15ஆம் தேதி ராத்திரியே ஏர்போர்ட்ல இருக்கணும். அண்ணன் 16ன்னு சொல்ல, அப்பா 15ன்னு சொல்ல, சாத்தூர் சித்தி "வெள்ளிக்கிழமை வந்து உன்னை பாத்துக்கிடுதேன்"னு நினைச்சுட்டு இருந்தாங்க. நல்லவேளை திங்கக்கிழமை நேர்ல பேசும்போதுதான் அது தெரிஞ்சுது.

எல்லார் வீட்டுக்கும் போய்த்தான் ஆகணுமா?

இல்ல. வயசானவங்க வீட்டுக்கு நீங்க போங்க, மத்தவங்களை உங்க வீட்டுக்கு வரச் சொல்லுங்க. நான் செஞ்சது இதுதான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க வீட்டுல ஒரே சாப்பாடு, பாளையங்கோட்டை, திருநெல்வேலி டவுன், மேலப்பாளையம் பக்கம் இருக்கிற சொந்தக்காரங்க, அப்பா ஆபீஸ் ஆளுங்க, என் பிரெண்ட்ஸ், பக்கத்து வீடு, எல்லாரும் அன்னைக்கு வந்துட்டாங்க, முப்பது முப்பத்தஞ்சு பேரு. சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், அவ்வளவுதான். சொதின்னா எங்க ஊர்ல கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்கு போடுற சாப்பாடு, தேங்காப் பால்ல காய் போட்டு வைக்கிறது, அதனால அம்மாவுக்கு அதைவிட மரியாதையான விருந்து வேற இல்ல. அந்த ஒரு சாப்பாட்டுல பன்னெண்டு வீட்டுக்கு போற வேலை மிச்சம்.

அப்படி மிச்சம் பண்ணின நேரத்தை எங்க செலவு பண்ணணும்னா நம்ம வீட்டுக்கு வர முடியாதவங்க வீட்டுல. எனக்கு அது மூணு இடம்: கல்லிடைக்குறிச்சி ஆச்சி, தூத்துக்குடி அத்தை, கோவில்பட்டி பெரியப்பா. சாத்தூர் சித்தி வீடு கோவில்பட்டி போற வழியிலயே அடுத்து வந்துரும், அதையும் சேத்துக்கிட்டோம்.

எந்த வரிசைல போறது?

தூரமா இருக்கிறவங்களும் வயசானவங்களும் முதல்ல. கடைசி ரெண்டு நாள் எந்த வீட்டுக்கும் போற மாதிரி வச்சுக்காதீங்க, ஏன்னா அந்த ரெண்டு நாள்லதான் பேங்க்ல கையெழுத்து விட்டுப்போச்சு, போட்டோ சைஸ் தப்புன்னு ஏதாவது ஒண்ணு முளைக்கும். என் கணக்கு இப்படி போச்சு: புதன் கடைக்கு, வியாழன் கல்லிடைக்குறிச்சி போய் ராத்திரி தங்கல், வெள்ளி காலைல குலதெய்வம், சனி தூத்துக்குடி, ஞாயிறு வீட்டுல விருந்து, திங்கள் கோவில்பட்டி சாத்தூர், செவ்வாய் பெட்டி, புதன் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்.

ஒரு வீட்டுலயாவது ராத்திரி தங்குங்க. பகல்ல போனா காப்பி, பலகாரம், போட்டோ, கிளம்பு, இதுக்கே சரியா போயிரும். ராத்திரி விளக்கணைச்சு படுத்த பிறகுதான் பெரியவங்க மனசுல உள்ளதை பேசுவாங்க. எங்க ஆச்சி திண்ணைல பத்தமடை பாய் விரிச்சு என்னைய பக்கத்துல படுக்க வச்சுக்கிட்டு, தாத்தா கொழும்புக்கு கடை வேலைக்கு போன கதையை சொன்னாங்க. எனக்கு இருவத்தெட்டு வயசு, அதுவரைக்கும் தாத்தா கொழும்புக்கு போனாருன்னே எனக்கு தெரியாது. அம்மாவுக்கும் பாதிதான் தெரியும். தூத்துக்குடில கப்பல் ஏறும்போது ஆச்சிக்கு வயித்துல அம்மா ஏழு மாசமாம், ரெண்டு வருசம் கழிச்சு அவரு திரும்பி வந்தப்போ அம்மா அவரைப் பாத்து அழுதுட்டு உள்ள ஓடிட்டாளாம். "அப்ப கடுதாசிதான் தாயி, நீயாச்சும் மூஞ்சி காட்டிப் பேசுவ"ன்னு சொல்லிட்டு அப்படியே தூங்கிட்டாங்க. எனக்குத்தான் தூக்கம் வரல.

சொந்தக்காரங்க எல்லாம் என் பயணத்தைப் பத்தியே கேக்குறாங்க, ஒரே பதிலை இருபது தடவை சொல்லி அலுத்துப் போச்சு. என்ன பண்றது?

அவங்களைப் பத்தி நீங்க கேளுங்க. இந்த பக்கம் முழுக்க நான் சொல்ல வர்றதுல முக்கியமானது இதுதான், மத்ததெல்லாம் மறந்தாலும் பரவாயில்ல.

தூத்துக்குடி அத்தை வீட்டுக்கு போனப்போ எனக்கு அது உறைச்சுது. 2023 டிசம்பர் 17, 18 மழை ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, திருச்செந்தூர்ல இருந்து கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்துல நின்னு நூத்துக்கணக்கான பேர் மாட்டிக்கிட்டாங்களே, அந்த மழை. அத்தை வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி, நாலு நாள் நின்னுச்சு. எங்க ஊர்லயும் தாமிரபரணி பெருகி ஒரே கலவரம், அந்த நேரத்துல எனக்கு எக்ஸாம் வேற, போன்ல "நல்லா இருக்கீங்களா அத்தை"ன்னு கேட்டதோட சரி. நேர்ல போனது ரெண்டு மாசம் கழிச்சு, அதுவும் நான் கிளம்புறேன்னு சொல்ல.

உள்ள போனா சுவத்துல தண்ணி நின்ன கோடு அப்படியே இருக்கு, காவி கலர்ல, நேரா அடிஸ்கேல் வச்சு போட்ட மாதிரி. அந்த கோட்டுக்கு கீழ பெயிண்ட் உரிஞ்சு தொங்குது. பிரிட்ஜ் இருந்த இடம் காலி. அத்தை கல்யாண ஆல்பத்தை பக்கம் பக்கமா பிரிச்சு கொடில காய வச்சிருந்தாங்க, ரெண்டு மாசம் ஆகியும் எடுக்கல, முகமெல்லாம் கலர் கரைஞ்சு போன போட்டோ. நான் விசா, டிக்கெட் எல்லாம் சொல்ல வாயைத் திறந்தவ அப்படியே நிறுத்திட்டு "அத்தை, அன்னைக்கு ராத்திரி என்ன ஆச்சு, முதல்ல இருந்து சொல்லுங்க"ன்னேன். ஒரு மணி நேரம் பேசினாங்க. மாமாவை மாடிக்கு ஏத்தினது, பக்கத்து வீட்டு பையன் கயிறு கட்டி பால் பாக்கெட் கொண்டு வந்தது, எல்லாம். யாரும் இப்படி உக்காந்து கேக்கலைன்னு சொன்னாங்க. சாப்பிட்டு முடிச்ச பிறகுதான் "ஆமா உனக்கு என்னைக்கு பிளைட்டு"ன்னு கேட்டாங்க.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு நேரம்? சாப்பாடு எப்படி சமாளிக்கிறது?

குறைஞ்சது ரெண்டு மணி நேரம் இல்லாம போகாதீங்க, அரை மணி நேரத்துக்கு போறதுக்கு போன்லயே பேசிரலாம். சாப்பாட்டுக்கு முன்னாடியே போன் போட்டு சொல்லிருங்க, "அத்தை உங்க வீட்டுல மத்தியான சாப்பாடு, சித்தி உங்க வீட்டுல சாயங்காலம் காப்பி மட்டும்"னு. சொல்லாம போனீங்கன்னா ரெண்டு வீட்டுலயும் இலை போட்டு வச்சிருப்பாங்க, ஒண்ணுல சாப்பிடலைன்னா அது மனசுல நின்னுரும். வயிறு நிறைஞ்சிருந்தாலும் சும்மா எந்திரிச்சு வராதீங்க, மோரோ சுக்குக் காப்பியோ ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிங்க.

நர்ஸா ஒண்ணு சொல்றேன், அந்த வாரம் வெளில கடைல சாப்பிடாதீங்க, பஸ் ஸ்டாண்ட் ஜூஸ் குடிக்காதீங்க, தண்ணி பாட்டில் கையில இருக்கட்டும், ரெண்டு ஓஆர்எஸ் பாக்கெட் ஹேண்ட்பேக்ல போட்டுக்கோங்க. பத்து மணி நேர பிளைட்ல வயித்துப்போக்கோட உக்காந்துட்டு வந்த பொண்ணு எங்க பேட்ச்லயே ஒருத்தி இருக்கா.

வெறுங்கையோட போகக் கூடாது, சரி. என்ன வாங்கிட்டு போறது?

பெருசா எதுவும் வேண்டாம். பழம், பூ, பிள்ளைங்க இருந்தா பிஸ்கட். சுகர் இருக்கிற வீட்டுக்கு ஸ்வீட் வாங்கிட்டு போய் அவங்களை ஏங்க விடாதீங்க. பெரியப்பாவுக்கு நான் ஒரு சுகர் பாக்குற மெஷினும் ஐம்பது ஸ்ட்ரிப்பும் வாங்கிட்டு போனேன், எப்படி ஊசி குத்தணும்னு பெரியம்மாவுக்கு கையைப் பிடிச்சு காட்டிக் கொடுத்தேன்.

பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கு போகலாமா?

இதை எழுதும்போது எனக்கு இப்பவும் நெஞ்சு கொஞ்சம் பட படங்குது. எங்க அப்பாவுக்கும் கோவில்பட்டி பெரியப்பாவுக்கும் கிணத்துப் பங்கு விஷயத்துல தகராறு, மூணு வருசமா பேச்சு இல்ல. ஒரு கல்யாணத்துல எதிரெதிரா உக்காந்து சாப்பிட்டாங்க, ஒரு வார்த்தை பேசல.

நான் போனேன். ஆனா அப்பாவுக்கு தெரியாம போகல. ஞாயித்துக்கிழமை ராத்திரி எல்லாரும் போன பிறகு "அப்பா, நாளைக்கு பெரியப்பாவை பாத்துட்டு வரட்டுமா"ன்னு கேட்டேன். அப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல, அப்புறம் "சின்ன வயசுல உன்னைய தோள்ல வச்சு சுத்துனவன்தான, போயிட்டு வா"ன்னாங்க. அவ்வளவு போதும். ஒளிச்சு போனா அது இன்னொரு சண்டைக்கு விதை, அதனால கேட்டுட்டுதான் போகணும், அப்பா வேண்டாம்னு சொல்லியிருந்தா போன்ல பேசியிருப்பேன்.

போன இடத்துல சண்டையைப் பத்தி நீங்க வாயைத் திறக்காதீங்க. சமாதானம் பண்ணி வைக்கவும் பாக்காதீங்க, ஒரு மணி நேரத்துல அது நடக்காது. பெரியப்பா வாசல்ல நின்னு என்னைப் பாத்ததும் உள்ள திரும்பி "ஏய், பிள்ள வந்திருக்கா"ன்னு பெரியம்மாவுக்கு குரல் கொடுத்தாரு. பூஜை ரூமுக்கு கூட்டிட்டு போய் துன்னூறு பூசி விட்டாரு, வெத்தலைல 501 ரூவா வச்சு கொடுத்தாரு. கிளம்பும்போது செருப்பு மாட்டிட்டு இருக்கேன், பின்னாடி நின்னு மெதுவா கேட்டாரு, "உங்க அப்பன் மாத்திரையை ஒழுங்கா போடுதானா?" போடுறாங்க பெரியப்பான்னேன். வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட அதை அப்படியே சொன்னேன். அப்பா டிவி சத்தத்தை குறைச்சாங்க, அப்புறம் திரும்ப கூட்டிட்டாங்க.

நாள், நேரம், சூலம் எல்லாம் பாக்கணுமா?

உங்களுக்கு நம்பிக்கை இருக்கோ இல்லையோ, வழியனுப்புறவங்களுக்கு இருக்கு. அவங்க நிம்மதியா இருக்கட்டும்னு செய்ங்க, அதுல உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். திருநெல்வேலில இருந்து சென்னை வடக்கு, நான் கிளம்பினது புதன்கிழமை. ரயிலை மாத்த முடியுமா? அதுக்குத்தான் பரிகாரம் இருக்கு, வடக்குச் சூலத்துக்கு பால். அடுப்படில இருந்து அம்மா ஒரு டம்ளர் பால் ஆத்திக் கொண்டு வந்து, நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் எதிர்லயே நின்னாங்க. திங்கள், சனி கிழக்கே போறவங்களுக்கு தயிர், வெள்ளி ஞாயிறு மேற்கே போறவங்களுக்கு வெல்லம், வியாழன் தெற்கே போறவங்களுக்கு தைலம், காலண்டர்லயே போட்டிருக்கும்.

கிளம்புற நாளே சரியில்லன்னா பரஸ்தானம் வைப்பாங்க, இது இப்போ நிறைய பேருக்கு தெரியல. நல்ல நாள்ல உங்க பொருள் கொஞ்சத்தை வேற ஒரு வீட்டுல கொண்டு போய் வச்சுட்டா, பயணம் அன்னைக்கே தொடங்கிட்டதா கணக்கு. திங்கக்கிழமை காலைல ஏழரை ஒன்பது ராகு காலம் முடிஞ்ச உடனே அப்பா ஒரு பைல என் சுடிதார் ஒண்ணு, துண்டு ஒண்ணு வச்சு வடக்குத் தெரு டீச்சர் வீட்டுல கொடுத்துட்டு வந்தாங்க, புதன் சாயங்காலம் ஸ்டேஷன் போற வழியில ஆட்டோவை நிறுத்தி வாங்கிக்கிட்டோம். டீச்சர் அந்த பையை சாமி படத்துக்கு கீழ வச்சிருந்தாங்க.

குலதெய்வம் கோயிலுக்கு கண்டிப்பா போகணுமா?

எங்களுக்கு காரையார் சொரிமுத்து அய்யனார். பாபநாசத்துக்கு மேல காட்டுக்குள்ள இருக்கு, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், செக்போஸ்ட் தாண்டித்தான் போகணும், அதனால பகல்லயே போய் பகல்லயே இறங்குற மாதிரி பாத்துக்கோங்க. நாங்க போன வெள்ளிக்கிழமை தை அமாவாசை, ஆத்துல தர்ப்பணம் கொடுக்க அவ்வளவு கூட்டம். தெரிஞ்சிருந்தா வேற நாள் போயிருப்போம், ஆனா அப்பா அங்கயே தாத்தாவுக்கு எள்ளும் தண்ணியும் விட்டாங்க, அதுவும் நல்லதுக்குத்தான்னு பட்டுது. உங்க குலதெய்வம் ரொம்ப தூரமா இருந்தா வீட்டுலயே மஞ்சத் துணில காசு முடிஞ்சு வச்சுட்டு கிளம்புங்க, லீவுக்கு வரும்போது செலுத்திக்கலாம்.

"போயிட்டு வாரேன்"னு எல்லா வீட்டுலயும் சொல்லலாமா?

துக்க வீட்டைத் தவிர எல்லா இடத்துலயும். "போறேன்"னு மட்டும் சொல்லாதீங்க, எங்க ஆச்சி "வாரேன்னு சொல்லுட்டி"ன்னு திருத்தி திரும்ப சொல்ல வச்சாங்க. துக்க வீட்டுல சொல்லாம எந்திரிச்சு வந்துரணும்.

வீட்டுக்கு வீடு தின்பண்டம் கொடுக்குறாங்க. எதை கொண்டு போகலாம், எதை கூடாது?

ஐரோப்பாவுக்கு கறி அயிட்டமும் பால் அயிட்டமும் கூடாது, சட்டமே அப்படி. அதனால ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, நெய், பால்ல செஞ்ச ஸ்வீட் எதையும் பெட்டில வைக்காதீங்க. அல்வாலயும் நெய்தான, எதுக்கு ரிஸ்க்குன்னு நான் வீட்டுலயே சாப்பிட்டுட்டு வந்துட்டேன். பச்சை கருவேப்பிலை, மாங்கா, கொய்யா இதுக்கெல்லாம் செடி நோய் இல்லைன்னு சர்டிபிகேட் வேணும், நமக்கு அது ஆகிற காரியம் இல்ல, கருவேப்பிலையை காய வச்சு பொடியாக்கிருங்க. கோவில்பட்டி கடலை மிட்டாய், சாத்தூர் காராச்சேவு, உடன்குடி கருப்பட்டி, பருப்புப் பொடி, புளி, வத்தல், அப்பளம் இதெல்லாம் நான் கொண்டு வந்தேன். தூத்துக்குடி மக்ரூன் நொறுங்கும், அங்கயே தின்னுருங்க. அத்தை கருவாடு கட்டி வச்சிருந்தாங்க, ஐரோப்பாவுக்கு காஞ்ச மீனுக்கு தடை இல்ல, ஆனா இருக்கிறது ஒரே பெட்டி, அதுலதான் யூனிபார்ம் சட்டையும் வரணும், அதனால அத்தைகிட்ட காரணத்தை சொல்லி அம்மாவுக்கு கொடுத்துட்டேன். கோச்சுக்கல.

கொப்பரைத் தேங்காயை செக்கின் பெட்டில வைக்க விட மாட்டாங்க, எண்ணெய் பசை உள்ளது சூட்டுல தீப்பிடிக்கும்னு. நிறைய பேரு இதை தெரியாம ஏர்போர்ட்ல பெட்டியைத் திறந்துட்டு நிக்கிறாங்க. பவர் பேங்க் கைப்பைலதான் இருக்கணும். சவூதி, துபாய் பக்கம் போறவங்க கசகசா ஒரு பொட்டலம் கூட வைக்காதீங்க, மசாலாப் பொடில அம்மா கலந்திருக்காங்களான்னு கேட்டுக்கோங்க, அங்க அது போதைப்பொருள் கணக்கு, ஜெயில்தான். மாத்திரை எதுவா இருந்தாலும் அட்டையோட, டாக்டர் சீட்டோட, அங்க எதுக்கு தடைன்னு பாத்துட்டு எடுத்துட்டு போங்க.

எடை பாக்க தொங்குற தராசு ஒண்ணு வாங்கிருங்க, இல்லன்னா பழைய பேப்பர் கடைக்காரர்கிட்ட கேளுங்க, எங்க தெருக்காரர் சைக்கிள்லயே தராசோட வந்து போட்டுக் கொடுத்தாரு. 23 கிலோவுக்கு எனக்கு 26 இருந்துச்சு. மூணு கிலோ எடுக்கணும், அம்மா ஒவ்வொண்ணா எடுத்து கையில வச்சு பாத்துட்டு திரும்ப உள்ள வச்சாங்க, கடைசில அண்ணன்தான் ஜீன்ஸ் ரெண்டையும் குளிர் ஷூவையும் எடுத்து வெளில போட்டுட்டு "ஷூவை கால்ல போட்டுட்டு போ"ன்னான். அப்படியே வந்தேன்.

"எங்க பிள்ளைக்கு இதை மட்டும் கொண்டு போய் கொடு"ன்னு பார்சல் தர்றாங்க. எப்படி மறுக்குறது?

உங்க கையால பிரிச்சு பாத்து, உங்க கையால திரும்ப கட்டினதை மட்டும் எடுத்துட்டு போங்க. அதுக்கு ஒத்துக்கலைன்னா யாரா இருந்தாலும் வேண்டாம்னு சொல்லிருங்க, சொந்த தாய்மாமாவா இருந்தாலும் சரி. "ஏர்போர்ட்ல இந்த பெட்டியை நீதான் கட்டினியான்னு கேப்பாங்க, நான் பொய் சொல்ல முடியாது"ன்னு சொன்னா புரிஞ்சுப்பாங்க.

கையில வர்ற பணத்தை என்ன பண்றது?

நூத்தி ஒண்ணு, ஐநூத்தி ஒண்ணுன்னு எல்லா வீட்டுலயும் வச்சு கொடுப்பாங்க. ஒரு நோட்டுல யார் எவ்வளவுன்னு எழுதி வைங்க, நாளைக்கு அவங்க வீட்டு விசேஷத்துக்கு அம்மா செய்யணும்ல. இந்தியப் பணம் 25,000 ரூவாய்க்கு மேல வெளிநாட்டுக்கு கொண்டு போக முடியாது, கொண்டு போயும் அங்க ஒண்ணும் வாங்க முடியாது, அதனால எல்லாத்தையும் அம்மா கணக்குல போட்டுருங்க. ஆச்சி கொடுத்த 100 ரூவா நோட்டை மட்டும் நான் பாஸ்போர்ட் உறைக்குள்ள வச்சிருக்கேன்.

சம்பளம் எவ்வளவு, கல்யாணம் எப்போன்னு கேட்டா?

சம்பளத்துக்கு "பிடித்தம் வீட்டு வாடகை எல்லாம் போக கையில எவ்வளவு நிக்குதுன்னு போய் பாத்துட்டு சொல்றேன் மாமா"ன்னு சொல்லுங்க, அதுதான் உண்மையும் கூட. கல்யாணக் கேள்விக்கு அம்மாவை பக்கத்துல வச்சுக்கோங்க.

நேரமே பத்தாம ஒரு வீடு விட்டுப்போச்சுன்னா?

ரயில் பாதைல இருக்கிற ஊரா பாருங்க. மதுரை மாமா வீட்டுக்கு எங்களால போக முடியல. நெல்லை எக்ஸ்பிரஸ் மதுரைல நிக்கும்ல, மாமா மாமி பிள்ளைங்க எல்லாரும் பிளாட்பாரத்துக்கு வந்துட்டாங்க, ராத்திரி பதினொரு மணி வாக்குல. கோச் நம்பரை முன்னாடியே அனுப்பியிருந்தேன், சரியா கதவுக்கு நேரா நின்னாங்க. மாமி ரெண்டு முழம் மல்லிகையை ஈரத்துணில சுத்தி கொண்டு வந்திருந்தாங்க, சின்னவ கையில இட்லிப் பொட்டலம். வண்டி நின்னது கொஞ்ச நேரம்தான். மாமா ஒண்ணுமே பேசல, என் கையைப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு, வண்டி நகரும்போது நாலு எட்டு கூடவே நடந்து வந்து விட்டாரு. அந்த பூவை சென்னைல வியாழக்கிழமை முழுக்க தலைல வச்சிருந்தேன்.

ஏர்போர்ட்டுக்கு எத்தனை பேரை கூட்டிட்டு போறது?

ரெண்டு பேர் போதும். டிக்கெட் இல்லாதவங்களை உள்ள விட மாட்டாங்க, ராத்திரி பத்து மணிக்கு வாசல்ல நின்னுட்டு அவங்க திரும்ப தாம்பரம் வரைக்கும் போகணும். வயசானவங்களை ஊர்லயே விட்டுட்டு வாங்க. எனக்கு அப்பாவும் அண்ணனும் வந்தாங்க, அம்மா திருநெல்வேலி ஸ்டேஷன்லயே நின்னுட்டாங்க, அது அம்மாவே எடுத்த முடிவு.

போய் இறங்கின பிறகு எல்லாருக்கும் போன் பண்ணணுமா?

குடும்ப குரூப்ல ஒரு போட்டோ போட்டுருங்க, அதுவே பாதிப் பேருக்கு போதும். நேரக் கணக்கு மட்டும் மனசுல வச்சுக்கோங்க, ஜெர்மனி குளிர்காலத்துல நமக்கு நாலரை மணி நேரம் பின்னாடி, மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமைல இருந்து அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும் மூணரை. நீங்க ராத்திரி டியூட்டி முடிச்சு காலைல கூப்பிட்டா அங்க மத்தியானம் சாப்பாட்டு நேரம், பெரியவங்க முழிச்சிருப்பாங்க. ஆச்சி மாதிரி பட்டன் போன் வச்சிருக்கிறவங்களுக்கு பக்கத்து வீட்டுல யார் போன்ல வாட்ஸ்அப் இருக்குன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே நம்பர் வாங்கி வச்சுக்கோங்க. துபாய் போறவங்களுக்கு வாட்ஸ்அப் கால் வேலை செய்யாது, அங்க ஓடுற ஆப்பை ஊர்ல இருக்கும்போதே அம்மா போன்ல ஏத்தி பழக்கிருங்க.

நான் வெள்ளிக்கிழமை காலைல பிராங்க்பர்ட்ல இறங்கி, ஏர்போர்ட் வைபைலயே ஆச்சி பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு வீடியோ கால் போட்டேன். எனக்கு காலைல ஒன்பது, அங்க ஒண்ணரை. ஆச்சி போனை காதுல வச்சுக்கிட்டாங்க, எனக்கு காதும் கம்மலும்தான் தெரிஞ்சுது. குளிருதா, சாப்பிட்டியா எதுவும் கேக்கல. "அப்பளம் உடையாம வந்துச்சா?" கல்லிடைக்குறிச்சி அப்பளம் அம்பது, ரெண்டு எவர்சில்வர் தட்டுக்கு நடுவுல வச்சு அவங்களே கட்டிக் கொடுத்தது. நான் அங்கயே கீழ உக்காந்து பெட்டியைத் திறந்து எண்ணிப் பாத்துட்டு, ஏழுதான் உடைஞ்சிருக்கு ஆச்சின்னு சொன்னேன்.